பிள்ளைகள் பார்க்கிற இடம்

அந்த நாய் காமிராவைப் பார்க்கவேயில்லை. ஜெயப்பிரியா பன்னிரண்டு வருடமாகப் பிள்ளைகளையும் நாய்களையும் படம் எடுக்கிறவள். லென்ஸுக்கு மேலே கிலுகிலுப்பையை ஆட்டுவாள், பிஸ்கட் பாக்கெட்டைக் கசக்குவாள், பூனை மாதிரிக் கத்துவாள், எந்த வாயில்லா ஜீவனும் ஒரு நொடியாவது அவளை ஏறிட்டுப் பார்த்துவிடும். ஆனால் விளாத்திகுளத்துக்குத் தெற்கே, கரிசல் காட்டின் நடுவில் தனியாக நின்ற உக்கிரபாண்டியின் வீட்டில், அந்தக் கருப்புக் கன்னி இன வேட்டை நாய் காதுகளை மண்டையோடு ஒட்டவைத்துக்கொண்டு அவளுடைய இடது தோளுக்கு மேலாக, அவளுக்குப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த இரண்டு வயதுப் பையன் சீனியும் அங்கேயேதான் பார்த்தான்.

அவள் திரும்பிப் பார்த்தாள். கூடத்தின் மூலை. சுண்ணாம்புச் சுவர், சாத்திய அறைக்கதவு, கதவோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. நாற்காலியில் யாரும் இல்லை.

கரண்டு இல்லை. உச்சிவெயிலில் வாசலுக்கு வெளியே களத்தில் காய்ந்த மிளகாய் வத்தலின் நெடி வீட்டுக்குள் வந்து தொண்டையில் உட்கார்ந்தது. காற்றாடி நின்ற வீட்டில் நாயின் மூச்சு மட்டும் கேட்டது; அதுவும் விட்டுவிட்டுத்தான் கேட்டது, நடுவில் எதையோ கவனிக்கிற மாதிரி.

"பாக்காட்டாலும் பரவாயில்லம்மா, எடுத்துருங்க" என்றாள் ஆறுமுகத்தாய். உக்கிரபாண்டியின் அக்கா, அவள்தான் போன் போட்டு வரச்சொன்னவள்.

"காதுகுத்து பேனருக்குல்லாக்கா. கண்ணு நேரா இருந்தாத்தான் நல்லாருக்கும். பிள்ளையோட அம்மாவக் கூப்பிடுங்களேன், அவிய சத்தம் கொடுத்தா பாத்துருவான்."

சீனியின் அப்பா உக்கிரபாண்டி தரையைப் பார்த்தார். அக்காதான் பதில் சொன்னாள்.

"அவ இல்லம்மா. தவறி மூணு மாசமாச்சு."

ஜெயப்பிரியா இருபது படம் எடுத்தாள். இருபதிலும் நான்கு கண்களும் அந்த மூலையில் இருந்தன. பையன் அழவில்லை, பயப்படவுமில்லை. பழகிய முகத்தைப் பார்க்கிற பிள்ளையின் நிதானம் அவனிடம் இருந்தது. நாயிடம் அது இல்லை.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "போயிட்டு வாரேன்க்கா" என்றாள்.

"அப்படிச் சொல்லாதீங்க" என்றாள் ஆறுமுகத்தாய். "போறேன்னு சொல்லுங்க."

சாவு வீட்டில்கூடச் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போவார்களே தவிர, போறேன் என்று சொல்லச்சொல்லி யாரும் கேட்டு அவள் கண்டதில்லை. ஆறுமுகத்தாயின் கை வாசல்கதவின் தாழ்ப்பாள்மேல் தயாராக இருந்தது.

"போறேன்" என்றாள்.

அவள் வாசலைத் தாண்டியதும் நாய் எழுந்து, வாலை ஆட்டிக்கொண்டு, நேராக அந்த மூலைக்குப் போய் நான்கு காலையும் நீட்டிப் படுத்தது. ஸ்கூட்டரைக் கிளப்பும்போது சீனி அத்தையின் இடுப்பில் இருந்தபடி கையாட்டினான். அவளுக்கு ஒருதரம். பிறகு கை கொஞ்சம் நகர்ந்து, வண்டியின் பின்சீட்டுக்கு ஒருதரம்.

"ம்மா, டாட்டா."

கதவு சாத்தப்பட்டது. மேட்டில் ஏறும்போது வண்டி, பின்னால் ஆள் ஏற்றினாற்போல முனகியது.

கோவில்பட்டியில் அவளுடைய ஸ்டுடியோ ஒரு மருந்துக்கடைக்கு மேலே, முதல் மாடியில், ஒரே அறை. செவ்வாய்க்கிழமை ஆறுமாதக் குழந்தை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பஞ்சு மெத்தையில் குப்புறப் படுத்த குழந்தை, கிலுகிலுப்பையைத் தாண்டி, காமிராவைத் தாண்டி, அவள் இடது தோளுக்கு மேலே பார்த்துச் சிரித்தது. பார்க்க அழகான சிரிப்பு. வியாழக்கிழமை தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி பூவனநாதன் தன் வெள்ளைப் பொமரேனியனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நாய் அதே இடத்தைப் பார்த்து உறுமி, அவர் வேட்டியை நனைத்துவிட்டு இறங்கி ஓடியது. "ஏசி ஒத்துக்கலபோல" என்று அவர் சிரித்துக்கொண்டே போனார். அவர் போன பிறகும் அந்த அறையில் மிளகாய் வத்தல் நெடி இருந்தது. ஜன்னல்கள் சாத்தியிருந்தன.

பிரமை என்றே நினைத்துக்கொண்டாள். காதுகுத்து, ஆண்டுவிழா, கல்யாணம் என்று வேலை குவிகிற மாதம். ஒன்றரை வயது மகள் செல்வியைக் கடம்பூரில் அம்மா வீட்டில் விட்டுப் பத்து நாளாகிறது; கணவன் முத்துகிருஷ்ணனுக்கு மில்லில் ஷிப்ட். தூக்கம் குறைந்தால் இப்படியெல்லாம் தோன்றும்.

சனிக்கிழமை காலை ஒரு மழலையர் பள்ளியில் குரூப் போட்டோ. வேப்பமரத்தடியில் மூன்று வரிசை பெஞ்சு, முப்பத்தெட்டுப் பிள்ளைகள், நான்கு டீச்சர்கள். படம் எடுக்கும்போது இடக்கண்ணை மூடிக்கொள்வது அவள் வழக்கம். எல்லோருக்கும் உள்ள வழக்கம்தான். அன்றைக்கு முதன்முறையாக அவளுக்கு அது உறைத்தது. காமிராவை எடுத்த ஒவ்வொரு முறையும் இடதுபக்கம் முழுவதும் அவளுக்கு இருட்டு.

"பாப்பா எல்லாரும் போட்டோ மிஸ்ஸப் பாருங்க" என்று டீச்சர் சொன்னாள். பிள்ளைகள் பார்த்தார்கள். சத்தம் போடாமல், ஒருவரை ஒருவர் கிள்ளாமல், முப்பத்தெட்டுப் பேரும் பார்த்தார்கள். முன்வரிசையில் ஒரு பெண்குழந்தை கையாட்டியது.

மதியம் ஸ்டுடியோவில் அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கினாள். டீச்சர்களின் கண்கள் லென்ஸில் இருந்தன. பிள்ளைகளின் கண்கள் அதற்குச் சற்று இடப்பக்கம். கண்களைப் பார்த்தே தூரம் சொல்லத் தெரியும் அவளுக்கு. தூரத்தில் உள்ளதைப் பார்க்கும் கண்களில் இரண்டு பாவைகளும் நேராக நிற்கும். பொருள் கிட்டே வரவர அவை மூக்கை நோக்கி ஒடுங்கும்.

சீனியின் படத்தைத் திறந்தாள். கண்கள் நேராக இருந்தன. மூலை அவளுக்கு ஐந்தாறு அடி பின்னால்.

ஆறுமாதக் குழந்தை. கொஞ்சம் ஒடுங்கியிருந்தன.

பொமரேனியனுக்கு அப்படிச் சொல்ல முடியவில்லை. கண் முழுக்கக் கருப்பு.

பள்ளிப் படத்தில் முன்வரிசைப் பிள்ளைகளின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒவ்வொருவர் பார்வையையும் மனதுக்குள் கோடாக இழுத்தாள். எல்லாக் கோடுகளும் ஓரிடத்தில் சேர்ந்தன. அவளுக்குப் பின்னால் இல்லை. லென்ஸுக்குப் பக்கத்தில், அவள் கன்னத்தின் உயரத்தில். கன்னத்தோடு கன்னம் வைத்து, அவளோடு சேர்ந்து காமிராவுக்குள் எட்டிப்பார்த்தால் ஒரு முகம் எங்கே இருக்குமோ அங்கே.

இடது காது ஜில்லிட்டது. அவள் திரும்பவில்லை. திரும்பாமலே போனை எடுத்தாள்.

நான்கு தடவை மணி அடித்த பிறகுதான் ஆறுமுகத்தாய் எடுத்தாள்.

"அக்கா, போட்டோக்காரி பேசுதேன். ஒங்க வீட்டுல அன்னைக்கு..."

"படத்த வாட்ஸப்புல அனுப்பிருங்கம்மா. நேர்ல வரவேண்டாம்."

"பிள்ள எப்படி இருக்கான்?"

"நல்லாத் தூங்குதான். மூணு மாசம் கழிச்சு இப்பத்தான் தூங்குதான்." பின்னணியில் பையன் எதையோ கேட்டான். "ஒங்களுக்கு ஒண்ணும் ஆகாதும்மா. பிள்ள இல்லாத வீட்டுல அவ என்னத்துக்கு நிக்கப்போறா. அன்னைக்குப் போன்ல கேட்டேம்லா, சின்னப்பிள்ள இருக்கான்னு. இல்லன்னியளே."

வேலைக்கு வரும்போது பிள்ளையைக் கூட்டிவருவாளா என்று கேட்கிறாள் என நினைத்து, ஜெயப்பிரியா அன்றைக்கு இல்லை என்று சொல்லியிருந்தாள்.

"எனக்கு ஒரு பொண்ணு இருக்காக்கா."

அந்தப் பக்கம் "தாயே" என்று ஒரு சொல். பிறகு போன் வைக்கப்பட்டது. மறுபடி அடித்தபோது அணைத்துவைத்திருந்தார்கள்.

சுவர்க் கடிகாரத்தில் மூன்றரை. முத்துகிருஷ்ணன் மூன்று மணிக்கே கடம்பூருக்கு பைக்கில் கிளம்பியிருப்பான், மகளைக் கூட்டிவர. போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. வண்டியில் இருக்கிறான். மறுபடி. மறுபடி. "பிள்ளைய அங்கனயே விட்டுட்டு வாங்க" என்று செய்தி அனுப்பினாள். அது பார்க்கப்படாமல் கிடந்தது.

வீட்டுக்குப் போகக்கூடாது. அது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. தான் போகிற இடத்துக்குத்தான் அது வரும். ஸ்டுடியோவின் கண்ணாடிக் கதவை உள்ளே தாழிட்டு, சுவரில் முதுகை ஒட்டி உட்கார்ந்தாள். பின்னால் இடமே இல்லாதபடி. ஏசியை அணைத்தாள். சத்தம் எதுவும் இருந்தால் கேட்கட்டும் என்று.

கேட்டது. அவள் மூச்சு. அதற்கு ஒரு நொடி பின்னால் இன்னொன்று.

அவள் மூச்சைப் பிடித்தாள். மற்றது நிற்கவில்லை.

நெடி. தொண்டையில். இப்போது வெளியிலிருந்து வரவில்லை.

ஐந்து மணி வாக்கில் படியில் செருப்புச் சத்தம். கண்ணாடிக்கு வெளியே முத்துகிருஷ்ணன். இடுப்பில் செல்வி, மஞ்சள் கவுன், கையில் கடித்த பாதி போளி.

"ஏட்டி, கதவத் தொற. வழியெல்லாம் பிள்ள ஒன்னயத்தான் தேடுதா. அதான் நேரா இங்கன வந்துட்டேன்."

வேண்டாங்க, கூட்டிட்டுப் போயிருங்க. சொன்னாள். குரல் வரவில்லை. மறுபடி சொன்னாள். உதடு அசையவில்லை.

தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.

அவள் விலக்கவில்லை. அவள் சுவரோடுதான் நின்றாள். நின்றாளா? உட்கார்ந்தல்லவா இருந்தாள். அவளுக்கு முன்னால் ஒரு பிடரி தெரிந்தது. காலையில் அவள் அவசரமாகக் குத்திய கிளிப். நீலச் சுடிதாரின் கழுத்து. இரண்டு கைகள் முன்னால் நீண்டன. அவளுடைய வளையல்கள் குலுங்கின.

"வாம்மா, ஏந்தங்கம்" என்றது அவளுடைய குரல்.

முத்துகிருஷ்ணன் சிரித்துக்கொண்டே மகளைக் கொடுத்தான். அந்தக் கைகள் பிள்ளையை வாங்கி, இறுக்கி, முகத்தை இடது தோளில் சாய்த்துக்கொண்டன. செல்வி தலையை நிமிர்த்தினாள். தோளுக்கு மேலாக, காலிச் சுவரை நோக்கிப் பார்த்தாள். இரண்டு பாவைகளும் நேராக ஜெயப்பிரியாவின் மேல் வந்து நின்றன.

"ம்மா" என்று சுவரைப் பார்த்துக் கையை நீட்டி அழத் தொடங்கினாள்.

"பத்து நாள் ஆச்சுல்லா, மறந்துட்டா" என்றான் முத்துகிருஷ்ணன்.

அழுகிற பிள்ளையின் முதுகை அந்தக் கை மெல்லத் தட்டியது. ஜெயப்பிரியா ஒருபோதும் தட்டியிராத ஒரு தாளத்தில், அவசரமே இல்லாமல், தட்டிக்கொண்டே இருந்தது.