காரீயக் குழித் தண்ணீர்

தேத்தண்ணி கறுத்துப்போயிருந்தது. சாயம் கூடிவிட்டதோ என்று கௌசிகா முதலில் நினைத்தாள். கொழுந்து பறித்தே கை காய்த்துப்போனவளுக்குத் தேயிலைச் சாயம் தெரியாதா என்ன? இது மைப் போத்தலைக் கவிழ்த்த மாதிரி நீலமும் கறுப்புமாக, மேலே படலம் மினுங்க, துருப்பிடித்த ஆணியின் வாடையோடு கோப்பையில் கிடந்தது.

தண்ணீரை மாற்றிய பிறகுதான் இப்படி. மழை பொய்த்து லயத்து வீடுகளுக்குத் தண்ணீர் விழும் பீலியும் வற்றியபோது, அவள் புருஷன் கஜேந்திரன் மலைக்கு மேலே ஏறி, பென்சிலுக்கான காரீயம் தோண்டிவிட்டு யாரோ எப்போதோ கைவிட்டுப்போன சுரங்கத்துக்குள் கறுப்புப் பைப்பைப் போட்டுவிட்டு வந்தான். வாய்வரை தண்ணீர் நிறைந்த குழி. எந்தக் கோடையிலும் வற்றாது. வரும்போது தெளிவாகத்தான் வரும். வாளியில் கொஞ்ச நேரம் நின்றால் செம்மண் நிறத்தில் ஆடை கட்டும்.

"அந்தக் குழிய மூடல தங்கச்சி, தண்ணிதான் மூடிருச்சு," என்றாள் அடுத்த காம்பராவில் குடியிருக்கும் கருப்பம்மா. "உள்ள வேல செஞ்ச ஆளுங்கள யாரும் வெளிய எடுக்கவே இல்லயாம்."

கௌசிகாவுக்குச் செத்தவர்களைப் பற்றிக் கவலையில்லை. உயிரோடிருக்கும் மகளை நினைத்துத்தான் பயம். நாலு வயசுத் துவாரகா சோற்றைத் தொடுவதில்லை. அந்தத் தண்ணீரையே கேட்டுக் கேட்டுக் குடித்தாள். ஈறெல்லாம் சாம்பல் நிறம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பாள், எழுந்ததும் மறுபடி பைப்படிக்கு ஓடுவாள்.

"இன்னைக்கே அந்தப் பைப்ப வெளிய எடுங்க," என்று புருஷனிடம் அழுதாள். "எனக்கு எம் புள்ள வேணும்."

"பாறைக்கு அந்தப் பக்கம் ஊத்து கசியுதான்னு பாக்குறேன். இருந்தா அதுல மாத்திவிடுறேன். நீ கீழ பைப்புக்கிட்ட நில்லு."

லயத்தில் எல்லோரும் செய்வதுதான். மேலே நிற்பவர் பைப்பில் வாய் வைத்து "விடவா?" என்று கத்துவார், கீழே நிற்பவர் அதே பைப்பில் "விடுங்க" என்று சொன்ன பிறகே மேலே உள்ளவர் தண்ணீரை விடுவார். சிக்னல் கிடைக்காத மலையில் அந்தப் பைப்தான் போன்.

பின்னேரம் பனி இறங்கியது. தேயிலைச் செடிகளுக்கு மேலாக வளைந்து ஏறும் பைப் பாதி மலையோடு மறைந்துவிட, ஹல்துமுல்லைப் பக்கம் போகும் பஸ்ஸின் ஹாரன்கூட பஞ்சுக்குள் அமுங்கியதுபோல் கேட்க, கௌசிகா பைப்பின் வாயைக் காதோரம் வைத்துக் காத்திருந்தாள். உள்ளே காற்றின் இரைச்சல். அதற்கும் உள்ளே, கல்லில் இரும்பு மோதும் சத்தம். டொக். டொக். பிறகு குரல்.

"விடவா?"

சளி கட்டிய குரல். பைப்பில் எல்லோருடைய குரலும் அப்படித்தான் கேட்கும்.

"விடுங்க," என்றாள்.

தண்ணீர் வந்தது. கை விறைத்துப்போகும் குளிர். சோதித்துப் பார்க்கவென்று கடைப் போத்தல் தண்ணீரில் போட்டுவைத்திருந்த சிவந்த தேத்தண்ணியில் அதை ஒரு கை அள்ளி ஊற்றினாள். கறுத்தது.

பின்னால் காலடிச் சத்தம். கஜேந்திரன். தோளில் சுருட்டிய பைப்.

"ஊத்து காஞ்சு கெடக்கு கௌசி. குழிக்குள்ள கெடந்த பைப்ப அறுத்துச் சுருட்டிக்கிட்டு வந்துட்டேன்."

"அப்ப, விடவான்னு கேட்டது?"

"நான் ஒண்ணும் கேக்கலயே."

அவள் கையிலிருந்த பைப் கீழே விழுந்தது. தண்ணீர் நிற்கவில்லை. அறுத்த பைப்பில் தண்ணீர். எங்கிருந்து? பிள்ளை எங்கே?

துவாரகா விழுந்த பைப்பின் பக்கத்தில் குந்தியிருந்தாள். கறுத்த பற்கள் தெரியச் சிரித்தாள்.

"அம்மா, நெறைய மாமாங்க. அவங்களுக்கு இருக்க எடமில்லயாம்."

"தொடாத! வா இங்க!"

தண்ணீர் நின்றது. டொக். டொக். இப்போது ஒரு குரல் இல்லை. பல குரல்கள்.

"விடவா?"

பிள்ளை பைப்பில் வாய் வைத்தாள்.

"விடுங்க."

பனிக்குள்ளிருந்து பைப் புடைத்தது. முஷ்டியளவு. அதன் பின்னால் இன்னொன்று. இன்னொன்று. வரிசையாக. செடிகளை நெரித்துக்கொண்டு கீழே.

கௌசிகா மகளைப் பிடித்து இழுத்தாள். கஜேந்திரனும் இழுத்தான். பிள்ளையின் வாய் பைப்பை விடவில்லை. கண் மட்டும் அம்மாவையே பார்த்தது.

முதல் புடைப்பு வந்து சேர்ந்தது. துவாரகாவின் கழுத்து மெல்ல வீங்கியது.