பெட்ரோல் மூடிக்குப் போட்ட கட்டு

இந்தக் காலத்தில் எதையும் நம்பி வெளியே வைக்க முடிவதில்லை. செருப்பை விட்டால் செருப்பு போகிறது. வாளியை விட்டால் வாளி போகிறது. அதனால்தான் போன வாரம், எங்கள் துடியலூர் குடியிருப்பின் புல் வெட்டும் மெஷினுக்கு ஒரு கட்டுப் போட்டேன். பெட்ரோல் மூடிமேல் பிளாஸ்டிக் பையைச் சுற்றி, ரப்பர் பேண்டால் இறுக்கினேன். எவனாவது திறந்தால் தெரிந்துவிடுமே!

மறுநாளே மெஷின் மக்கர் செய்தது. கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் கழன்றது. இருமும், கொஞ்சம் ஓடும், நின்றுவிடும். பிளக்கைத் துடைத்தேன். புதுப் பெட்ரோல் ஊற்றி, மறுபடி பையைக் கட்டினேன். அப்போதும் அதே கதைதான்.

முந்தின நாள் பக்கத்து வீட்டு நஃபீசாவின் மகள் ரம்ஷா அந்த மெஷின் பக்கம் குனிந்து நின்றதைப் பார்த்திருந்தேன். பிடித்துக் கேட்டேன்.

"ஏம்புள்ள, டேங்குல தண்ணி ஊத்திப்போட்டியா?"

"இல்லீங்க தாத்தா! சக்கரத்துக்குக் கீழ ஒரு தேரை இருந்துச்சுங்க. வெட்டுப்பட்டுருமேன்னு செடிக்குள்ள உட்டேனுங்க."

"தேரையாமா, தேரை! நல்லாக் கதை உடற."

நேராக நஃபீசாவிடம் போய்ச் சொன்னேன். இனி விளையாடப் போகக் கூடாதென்று எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் அவள் ரம்ஷாவைத் திட்டிவிட்டாள். ரம்ஷா அழவில்லை. என்னையே பார்த்தாள். அதற்கு அழுதே இருக்கலாம்.

மறுபடி கயிற்றோடு மல்லுக்கட்டினேன். அவள் படியில் உட்கார்ந்து கவனித்துக்கொண்டிருந்தாள்.

"தாத்தா, மூடியைத் திறந்து பெட்ரோல் ஊத்துனதும் ஓடுது. பையைக் கட்டுனாக் கொஞ்ச நேரத்துல நின்னு போகுதுங்க."

"அதுக்கு?"

"எங்கூட்டு எண்ணெய் டின்னுல ஒரு ஓட்டை மட்டும் போட்டா எண்ணெய் வராதுங்க. காத்துப் போக இன்னொண்ணு வேணும். அந்த மூடியிலயும் ஓட்டை இருக்குதுங்களா?"

கட்டைப் பிய்த்தேன். 'ஸ்ஸ்' என்று காற்று உள்ளே போனது. மூடி நடுவே ஊசி நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை! அதைத்தான் என் பை அடைத்திருந்தது.

கயிற்றை இழுத்தேன். மெஷின் உறுமியது, நிற்கவேயில்லை.

"நான் தண்ணி ஊத்தலீங்க தாத்தா" என்றாள் ரம்ஷா, மெதுவாக.

மெஷினை நிறுத்திவிட்டு நஃபீசா வீட்டுக்குப் போனேன். எல்லாப் பிள்ளைகளுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.

"ஏனுங்க அம்மணி, புள்ள மேல தப்பில்லீங்க. நாந்தான் அவசரப்பட்டுப் பேசிப்போட்டேன். வெளையாட உடுங்க."

ரம்ஷா தோட்டத்துக்கு ஓடினாள். வழக்கமாக என் கையைத் தட்டிவிட்டுத்தான் ஓடுவாள். அன்று என்னைச் சுற்றிக்கொண்டு போனாள். கொஞ்ச தூரம் போய்த்தான் திரும்பினாள்.

"பையைத் திரும்பக் கட்டிராதீங்க, தாத்தா!"

"கட்டலை கண்ணு, போ."

பையைக் குப்பைத் தொட்டியில் போட்டேன். பெட்ரோலை எவனாவது எடுக்கத்தான் போகிறான், எனக்குத் தெரியும். இருந்தாலும் மெஷினை அப்படியே விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.