பெட்டியில்லாத கடிகாரம்

பெட்டி இல்லாத கடிகாரம் பெட்டிக்குள் இருப்பதுபோல் சத்தம் போட்டது. காதில்தான் ஏதோ கோளாறு என்று ராயப்பன் முதலில் நினைத்தான். தச்சுப் பட்டறைச் சுவரில் அவனே அறைந்த பலகைத் தாங்கியின்மேல் பித்தளைச் சக்கரங்களும் வெள்ளை முகமும் அம்மணமாக உட்கார்ந்திருந்தன. கீழே இரண்டு ஈயக் குண்டுகள் கயிற்றில் தொங்க, நீண்ட ஊசல் சுவரோரமாய்ப் போய்ப் போய் வந்தது. மேலே போர்த்த ஒரு துண்டுத் துணிகூடக் கிடையாது. அந்த மாதிரி திறந்து கிடக்கிற எந்திரம் கணீரென்று பேச வேண்டும். முதல் சில நாள் அப்படித்தான் பேசியது. இப்போது சத்தம் அமுங்கிப்போய், நாலு பக்கமும் பலகை அடைத்து அதற்கும் மேலே கனமாய் எதையோ கொட்டி மூடிய இடத்திலிருந்து வந்தது.

அதற்கு ஒரு பெட்டி இருக்கத்தான் இருந்தது. ஆளைவிட உயரமான சீமைப் பெட்டி. திண்டிவனத்தில் அரிசி மண்டி வைத்திருந்த விருத்தாசலம் என்பவர், வெள்ளைக்கார ஜட்ஜ் ஒருவர் தன் நாட்டுக்குக் கிளம்பியபோது ஏலத்தில் எடுத்த சாமான்களில் அதுவும் ஒன்று. புலிக்கால் நாற்காலிகளும் சுருள் மூடி மேசையும் மண்டிக்காரர் வீட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்துகொண்டன. கடிகாரத்துக்கு மட்டும் அடிப்பலகை செல்லரித்திருந்ததால் வண்டியேறி விழுப்புரத்துக்கு ராயப்பனிடம் வந்தது. வெள்ளைக்காரன் சாமானில் கை வைக்க அந்தப் பக்கத்தில் அவனை விட்டால் ஆள் இல்லை. அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

பெட்டி ஓக்கு என்கிற சீமை மரம். எங்கேயோ குளிரில் வளர்ந்த மரம் நம்மூர் ஐப்பசி மழையின் ஈரத்தைக் குடித்துவிட்டு நடுப்பகலில்கூடச் சடக்கென்று சோம்பல் முறிக்கும். வந்த முதல் நாளே அவன் மனைவி சவரியம்மாள் பயந்துபோய் அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். "ஒண்ணுமில்ல, மரம் பேசுது" என்று சிரித்தான். ஆறு வயது மகள் லூர்து அந்தப் பெட்டியில் காதை வைத்துக்கொண்டு, "எங்கிட்ட பேசு, எங்கிட்ட பேசு" என்று ஒரு நாள் முழுக்க நின்றாள்.

அந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றாம் வருஷத்து ஐப்பசியில் ஊருக்குள் வாந்திபேதி வந்தது. ராயப்பன் ராப்பகலாய்ச் சவப்பெட்டி அடித்தான். நல்ல மரமெல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டதால் மாம்பலகை, பிறகு சாரம் கட்டிய பலகை, பிறகு தன் வீட்டுக் கட்டில் என்று எல்லாம் போனது. கடைசியில் லூர்து படுத்தாள். காலையில் வாந்தி. சாயங்காலம் கை கால் சில்லிட்டு, கண் உள்ளே போய், மூச்சு இருக்கிறதா என்று மூக்கருகில் வைத்த விரலுக்கே தெரியவில்லை. ஊருக்கெல்லாம் பெட்டி செய்தவன் வீட்டில் மகளுக்கு ஒரு பலகை இல்லை.

சுகாதாரக்காரர்கள் மருந்து வண்டியோடு வாசலில் நின்றார்கள். "இருட்டறதுக்குள்ள பொதச்சாவணும், ஜல்தி" என்றார்கள். ராயப்பன் கடிகாரத்தைக் கழற்றிச் சுவரில் மாட்டினான். பெட்டியைத் தரையில் படுக்க வைத்து, வற்றிப்போன அந்த உடம்பைக் கதவு வழியாய் உள்ளே கிடத்தினான். ஆணி அடிக்கத் தேவையில்லை. கதவில் பூட்டு இருந்தது. சாவியைத் திருப்பினான்.

உள்ளேயிருந்து தட்டும் சத்தம். இரண்டு தட்டு. கொஞ்சம் இடைவெளி. இன்னொரு தட்டு.

"அது இன்னா சத்தங்க?" என்றாள் சவரியம்மாள்.

"மரம்டி. மழைக்கு முறிக்குது."

அவள் நம்பினாள். மரத்தைப் பற்றி அவன் சொல்லி எதுவும் பொய்யானதில்லை. அவனும் நம்பினான், பாதி. மீதிப் பாதி அன்றையிலிருந்து பதினேழு நாளாய் அவன் நெஞ்சுக்குள் உட்கார்ந்துகொண்டு ஒரு பிடி சோறு இறங்க விடவில்லை. வேறு மரமாய் இருந்திருந்தால் அப்போதே திறந்து பார்த்திருப்பான். மரம் தெரிந்தவன் என்பதால் திறக்கவில்லை.

பதினேழாம் நாள் மத்தியானம் மண்டிக்காரரின் வண்டியோட்டி முருகையன் வந்தான். தெரிந்தவர் ஒருவரின் பழைய வீட்டுக் கதவை வாங்கி இழைத்து ராயப்பன் புதுப் பெட்டி செய்து வைத்திருந்தான். அளவு அதே அளவு. பூட்டு மட்டும் வைக்கவில்லை, ஒரு மரக் கொண்டி போட்டிருந்தான். முருகையன் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"பழசு எங்க மேஸ்திரி?"

"செல்லு பூந்துடுச்சி. தேக்குல புதுசு பண்ணிட்டேன். மொதலாளி கேட்டா நான் வந்து சொல்லிக்கிறேன்."

"சொல்லிக்கோ." அவன் சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தான். முகம் கோணியது. "இன்னாய்யா இது, கெணத்துல வுழுந்தவன் கத்துறாப்புல கேக்குது. ஏலத்துல எடுக்கும்போது இப்படி இல்லியே."

அப்படியானால் ராயப்பனின் காதில் கோளாறு இல்லை. நாளைக் காலையில் வந்து ஏற்றிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு முருகையன், ராத் தங்கும் சத்திரத்துக்கு மழைக்கு முன்னால் போய்ச் சேர வண்டியை ஓட்டிக்கொண்டு போனான்.

கதவைச் சாத்திவிட்டு ராயப்பன் எந்திரத்தை இறக்கினான். புதுப் பெட்டியின் தலையில் உட்கார வைத்தான், குண்டுகளை மாட்டினான், ஊசலை ஆட்டிவிட்டான். தேக்கின் எண்ணெய் வாசம் வந்தது. அதற்குள்ளிருந்து இன்னொரு வாசம் வந்தது, புதிதாய்க் கிளறிய சேற்று வாசம், அதில் லேசாய் அன்றைக்கு வாசலில் தெளித்த மருந்தின் நெடி. மழைதான் என்று சொல்லிக்கொண்டு கதவைச் சாத்திக் கொண்டியைப் போட்டான்.

இரண்டு தட்டு. கொஞ்சம் இடைவெளி. இன்னொரு தட்டு.

அவன் கை கொண்டியிலேயே இருந்தது. தட்டு உள்ளங்கையில் தெரிந்தது. இடுப்பு உயரத்துக்குக் கீழே, ஒரு குழந்தை நின்றால் கை படுகிற இடத்தில். திறந்தான். குண்டுகள். ஊசல். வேறொன்றுமில்லை. ஊசலைக் கையால் பிடித்து நிறுத்தினான். டிக் நின்றது.

தட்டு நிற்கவில்லை.

பின்னால் சவரியம்மாள் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாய் என்று தெரியவில்லை. மகள் போன நாளிலிருந்து அவள் எண்ணெய் வைக்கவில்லை, தலை விரிந்து கிடந்தது. அவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்தாள்.

"அதே சத்தம்."

அவன் கடிகாரப் பெட்டியின் கதவைத் திரும்பச் சாத்தினான்.

"இது இன்னா மரங்க?"

"தேக்கு."

"புதுசா?"

"அம்பது வருசத்துக் கதவு. நல்லா காஞ்சது."

"காஞ்ச தேக்கு மழைக்கு முறிக்குமா?"

பொய் சொல்ல வாய் வந்தது. சொல்லியிருந்தால் அவள் இன்னொரு முறையும் நம்பியிருப்பாள். அது அவனுக்குத் தெரிந்ததாலேயே சொல்ல முடியவில்லை.

"முறிக்காது" என்றான். அப்படியே தரையில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு, பதினேழு நாள் அழுகையையும் சேர்த்து அழுதான்.

அவள் அவனைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. மூலையிலிருந்த மண்வெட்டியை எடுத்து அவன் பக்கத்தில் வைத்தாள்.

"எழுந்திருங்க. வெளிச்சம் இருக்கும்போதே போவணும். அவளுக்கு இருட்டுன்னா பயம்."

திருவாமாத்தூர் போகிற சாலையோரம், வாந்திபேதியில் போனவர்களுக்கென்று ஒதுக்கிய பொட்டல் அது. வழி முழுக்க மழை பிடித்துக்கொண்டது. சாலையில் ஒரு ஆள் இல்லை. மண்மேடுகள் கரைந்து ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. லூர்துவின் மேட்டில் அவன் நட்ட சிலுவை சாய்ந்திருந்தது. சவரியம்மாள் அதைப் பிடுங்கி மெதுவாய் ஓரமாகப் படுக்க வைத்தாள். அவன் வெட்டினான். மண் குழம்பாக இருந்தது, ஒரு கூடை எடுத்தால் அரைக் கூடை திரும்பச் சரிந்தது. மேகத்துக்குள் வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. வேர் வாசம். அழுகின இலை வாசம். முழங்கால் ஆழம். இடுப்பு ஆழம்.

மண்வெட்டி மரத்தில் பட்டது.

உள்ளேயிருந்து பதில் வந்தது. இரண்டு. பிறகு ஒன்று.

ராயப்பன் மண்வெட்டியை எறிந்துவிட்டுக் கையால் வழித்தான். பலகை தெரிந்தது, கதவு தெரிந்தது, சாவித்துளையைச் சுற்றி அடித்திருந்த பித்தளைத் தகடு தெரிந்தது. குழிக்குள் தண்ணீர் நாலு பக்கமும் ஊறிக்கொண்டிருந்தது. அரைஞாணில் கட்டியிருந்த சாவியை அவிழ்க்க அவன் விரல்களுக்கு வரவில்லை. கயிற்றையே அறுத்தான்.

அதற்குள் சவரியம்மாள் குழிக்குள் இறங்கிவிட்டாள். முட்டி போட்டு, கதவின்மேல் கன்னத்தை வைத்து, "லூர்து, அம்மா வந்துட்டேன்டி" என்றாள். சுண்டுவிரலைச் சாவித்துளைக்குள் விட்டாள். முதல் கணுவரைக்கும் போனது.

தட்டு நின்றது.

மழை மட்டும். அவன் மூச்சு மட்டும்.

அவள் முகம் மெல்ல மெல்ல இளகியது. பதினேழு நாளாய் அவன் பார்க்காத முகம்.

"புடிச்சிக்கினா" என்றாள்.

"இன்னாது?"

"எம் வெரல. புடிச்சிக்கினா. கை சில்லுனு இருக்குது."

"எடு சவரி. சாவி போடணும்."

"மாட்டேன்."

"எடுடி! தண்ணி ஏறுது!"

"எடுத்தா பயந்துக்குவா. திரும்பவும் உட்டுட்டுப் போறம்னு நெனச்சிக்குவா."

அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. அவள் விடாததாலா, உள்ளேயிருந்து விடாததாலா, அவனுக்குத் தெரியவில்லை. சாவியை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறு கையால் தண்ணீரை வாரி வாரி இறைத்தான். தண்ணீர் பித்தளைத் தகட்டை மூடியது. அவள் கையை மூடியது. சவரியம்மாள் குனிந்து, வீட்டில் தூங்க வைக்கும்போது பேசுகிற குரலில் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள்.

அவள் விரலைச் சுற்றி, சாவித்துளையிலிருந்து, சின்னச் சின்னக் குமிழிகள் மேலே வந்தன. ஒன்று. இன்னொன்று. பிறகு நிறைய.