ஊற்று வாரம்

வெள்ளிக்கிழமைக்குள் ஏழாம் வகுப்பு முழுவதும் மகளின் தலைக்குள் இறங்கியாக வேண்டும். இறங்காவிட்டால் என்ன நடக்கும் என்று மோனிஷாவுக்குத் தெரியும். அதனால்தான் தலைப்பட்டையின் கொக்கியை இரண்டு மூன்று தடவை மாட்டிக் கழற்றிப் பார்த்தாள்.

ஐப்பசி பிறந்துவிட்டது. மழையும் பிடித்துக்கொண்டது. திண்டிவனம் அடுக்ககங்களில் எந்த வீட்டிலும் யாரும் வேலைக்குப் போகவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற ஊற்று வாரம் இது. மாடிப்படியில் எதிர்ப்பட்டவர்கள் "சாப்டாச்சா?" என்று கேட்கவில்லை. "ஊத்தியாச்சா?" என்று கேட்டார்கள்.

நினைவூற்றி பார்க்க ஒன்றும் பிரமாதமாக இருக்காது. டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டி, அதிலிருந்து கிளம்பும் இரண்டு தலைப்பட்டைகள். ஒன்று பெற்றவருக்கோ உறவுக்காரருக்கோ, ஒன்று பிள்ளைக்கு. பெற்றவர் தான் படித்த பாடத்தை முதலிலிருந்து நினைத்துக்கொண்டே போக வேண்டும். அவர் அதை எந்த வயதில் எப்படிக் கற்றாரோ, அந்த நினைவின் தடத்தையே எந்திரம் படியெடுத்துப் பிள்ளையின் மூளையில் பதித்துவிடும். மாதக்கணக்கில் நடத்துகிற பாடம் ஒரு காலைப்பொழுதில் முடிந்துபோகும். பன்னிரண்டு வயதுக்கு முன்னால் மூளை தாங்காது. அதுவரை படப்பலகையில் எழுத்தும் எண்ணும் மட்டும்தான். தாரகைக்கு ஆவணியில்தான் பன்னிரண்டு முடிந்தது. இது அவளுக்கு முதல் ஊற்று வாரம்.

பள்ளிக்கூடங்களை மூடிவிட்டிருந்தார்கள். காலனிப் பிள்ளைகளைப் பின்னால் உட்கார வைக்கிறார்கள், தண்ணீர்ப் பானையைத் தொட விடுவதில்லை, கழிவறை கழுவச் சொல்கிறார்கள் என்று குழு போட்டுக் கண்டுபிடித்தார்கள். அந்தப் பிள்ளைகள் குழு போடாமலே சொல்லிக்கொண்டிருந்த விஷயம்தான். அதற்குத் தீர்வு என்ன? பள்ளியையே மூடிவிடுவது. மூட்டைப்பூச்சிக்காக வீட்டை இடித்த மாதிரி. இனி எந்தப் பிள்ளையும் எந்தப் பிள்ளைக்கும் பின்னால் உட்கார வேண்டாம், அவரவர் வீடே பள்ளி என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. பரம்பரையாகப் படித்த வீட்டில் கணக்கை ஊற்ற ஒரு சித்தப்பா, அறிவியலை ஊற்ற ஒரு அத்தை என்று ஆள் இருந்தார்கள். இந்த வீட்டில் மோனிஷா ஒருத்திதான். அவள் பிறந்த தெருவிலேயே முதல் பட்டதாரி அவள். கணவன் சரத் ஒன்பதாவதோடு நின்றவன், ஆட்டோக்களுக்கு பேட்டரி மாற்றும் கடை வைத்திருக்கிறான்.

வெள்ளிக்கிழமை அளவை மையத்தில் பிள்ளையின் தலையில் அளவிக் குமிழை வைத்துப் பார்ப்பார்கள். பாடம் குறைந்திருந்தால் களப்பிரிவு. களப்பிரிவு என்றால் சூளை, சாக்கடை, குப்பைக்கிடங்கு. ஒருமுறை அதில் விழுந்தால் மேலே வர வழி கிடையாது. மோனிஷாவின் அம்மா சூளையில் கல் அறுத்து, இருமி இருமியே செத்தவள்.

திங்கட்கிழமை நல்லபடியாகத்தான் தொடங்கியது. முதலில் சின்னதாக எதையாவது ஊற்றிப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். சரத் முந்திக்கொண்டு பட்டையை மாட்டினான்.

"யோவ், நீ என்னத்த ஊத்தப் போற?"

"ஏன், எம்பொண்ணுக்கு நான் ஒன்னு குடுக்கக் கூடாதா?"

கொஞ்ச நேரத்தில் தாரகை கண்ணைத் திறந்தாள். இரண்டு விரலை வாயில் வைத்து வீடே அதிர ஒரு விசில் அடித்தாள். அடித்துவிட்டுச் சிரித்தாள். சிரித்துச் சிரித்து சோபாவிலிருந்து சரிந்தாள்.

"ஏன்டி இப்படி சிரிக்கிற?"

"தெர்லம்மா. சிரிப்பா வருது. பஸ்ஸு மேல ஏறி உக்காந்துக்கினு போற மாதிரி இருக்கு."

சரத் விசிலடிக்கக் கற்றது திருவிழாவுக்குப் போன பஸ்ஸின் கூரையில், கூட்டாளிகள் நடுவில். அப்போது மோனிஷா அதை யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை அவள் பின்னங்களை ஊற்றினாள். கண்ணை மூடி, பாடத்தை வரிசையாக நினைத்துக்கொண்டு போனாள். பெட்டி பச்சை விளக்கைக் காட்டியதும் பட்டையைக் கழற்றிவிட்டு ஆசையாகக் கேட்டாள்:

"எங்க, சொல்லு பாப்போம். முக்காலோட அரைய கூட்டினா எவ்ளோ?"

தாரகை எழுந்து நின்றாள். வலது கையை முன்னால் நீட்டினாள், உள்ளங்கை மேலே பார்க்க. கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

"ஒன்னேகால், சார்."

அந்த நீட்டிய கையை மோனிஷாவுக்குத் தெரியும்.

அவள் படித்த பள்ளியில் கணக்கு சாருக்கு ஒரு பழக்கம் இருந்தது. முன்வரிசைப் பிள்ளைகள் சும்மா எழுந்து நின்று பதில் சொல்லலாம். கதவோரம் தரையில் உட்கார்ந்த காலனிப் பிள்ளைகள் கையை நீட்டிக்கொண்டுதான் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் பிரம்பு தேடி வர வேண்டியதில்லை, கை தயாராக இருக்கும். சரியாகச் சொன்னால் கையை எடுத்துக்கொள்ளலாம். மோனிஷா ஒரு கணக்குகூடத் தப்பாகப் போடாதவளாக ஆனது அப்படித்தான். இதை அவள் மகளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சரத்திடம்கூடச் சொன்னதில்லை.

"கைய எடுடி."

"சரியாம்மா?"

"சரிதான். கைய எடு மொதல்ல!"

அந்தச் சத்தத்தில் தாரகையின் கை இன்னும் நீண்டது.

எந்திரத்தின் உதவி மையத்தில் பேசிய பெண் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "அது கோளாறு இல்ல மேடம். உணர்ச்சிக் கசிவுன்னு சொல்லுவோம். எல்லா வீட்லயும் ஏதாச்சும் ஒன்னு கசியும். யாரும் வெளிய சொல்றதில்ல," என்றாள்.

"கசியாம பண்ண முடியாதா?"

"வடிகட்டி இருக்கு, போட்டுப் பாருங்க. ஆனா நீங்க அந்தப் பாடத்த பயந்து பயந்தே படிச்சிருந்தா, பயந்தான் அதுக்கு ஆணி. ஆணிய புடுங்கினா படமும் விழுந்துடும். வீட்ல வேற பட்டதாரி இருந்தா அவங்கள ஊத்தச் சொல்லுங்களேன்."

"வேற யாரு? எங்க தெருவுக்கே நான்தான்."

"அப்ப கஷ்டந்தான் மேடம்."

புதன்கிழமை காலையில் வடிகட்டியைப் போட்டு மறுபடி ஊற்றினாள். தாரகை கையை நீட்டவில்லை. முகம் தெளிந்திருந்தது. "முக்கால்னா என்னாம்மா?" என்று கேட்டாள்.

பயமும் போயிருந்தது, பின்னமும் போயிருந்தது.

மோனிஷா தோசை சுட்டுத் தட்டில் போட்டு, நாலாகப் பிய்த்து, வாயாலேயே சொல்லிக்கொடுக்கத் தொடங்கினாள். யாரும் இப்போது அப்படிச் செய்வதில்லை. தாரகை ஒரு கால் பங்கைத் தின்றாள், முக்கால் மிச்சம் என்றாள், அந்த முக்காலிலும் ஒரு காலைத் தின்றுவிட்டு, "இப்ப அரைம்மா! தோச தீந்துடுச்சுன்னா சைபரு!" என்று குதித்தாள். அவ்வளவு சந்தோஷமாக ஒரு கணக்கைப் பார்த்தது மோனிஷாவுக்கு அதுதான் முதல் தடவை. ஆனால் அதற்குள் மதியம் ஆகிவிட்டிருந்தது. இப்படியே நடத்தினால் ஏழாம் வகுப்பு முடிய ஒரு வருஷம் பிடிக்கும். பழைய பள்ளிக்கூடமும் அதே ஒரு வருஷத்தைத்தான் எடுத்துக்கொண்டது. இப்போது யாரிடமும் ஒரு வருஷம் இல்லை.

"உட்டுடு மோனி," என்றான் சரத். "என் மூஞ்சியப் பாரு. பின்னம் தெரியாம செத்தா போயிட்டேன்?"

"உன் காலத்துல சூளைக்குப் போவாம கடை போட முடிஞ்சிது. இவளுக்கு முடியுமா? குமிழ் செவப்பு காட்டுச்சுன்னா கூட்டிக்கினு போயிடுவான்யா. எங்கம்மா செத்த மாதிரி இவளும் சாவணுமா?"

"அதுக்காக? புள்ள கைய நீட்டுது மோனி. பாக்கவே ஒரு மாதிரி இருக்கு."

"எனக்கு இல்லியா? அடி வாங்கினவ நான்!"

மகள் செங்கல் சுமக்கட்டும் என்பதா, பயத்தைச் சுமக்கட்டும் என்பதா? பயத்தைச் சுமந்துகொண்டே தான் பட்டம் வாங்கவில்லையா என்று மோனிஷா நினைத்தாள். அப்படி நினைத்ததும் அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. இருந்தும் வடிகட்டியைக் கழற்றி மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினாள். மகளின் தலையில் பட்டையைத் தன் கையாலேயே மாட்டினாள்.

அன்று சாயங்காலம் கணக்கு முடிந்தது. வியாழக்கிழமை அறிவியல், ஆங்கிலம், வரலாறு. ஒவ்வொரு பச்சை விளக்குக்கும் தாரகை கொஞ்சம் கொஞ்சமாக வேறு பிள்ளையானாள். சோபாவிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தாள். பிறகு அங்கிருந்தும் நகர்ந்து கதவோரம் போனாள். யாராவது வேகமாக நடந்தால் தோளைக் குறுக்கினாள். கடைத்தெருவுக்குப் போய்த் திரும்பும்போது சரத் தெருமுனையிலிருந்தே விசிலடித்தான். திங்கட்கிழமை முதல் அது அவர்களுக்குள் ஒரு விளையாட்டு, இவள் சன்னலிலிருந்து பதிலுக்கு அடிப்பாள். இன்று அவள் எழவே இல்லை. அவன் மறுபடி அடித்துப் பார்த்துவிட்டு, மழையில் நனைந்தபடி சன்னலை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான்.

எல்லாம் முடிந்ததும் மோனிஷா அடுப்படியில் இருந்தாள். பின்னால் ஆள் நிற்கிற மாதிரித் தோன்றித் திரும்பினாள். தாரகை வாசற்படிக்கு வெளியே நின்று, குனிந்து, இரண்டு கைகளையும் வாயருகே குவித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னாடி அது?"

"தண்ணி தாகம்மா."

"டம்ளர எடுத்துக் குடி!"

"தொடலாமாம்மா?"

மோனிஷா அடுப்பை அணைத்தாள். அந்தப் பள்ளியில் தண்ணீர் அப்படித்தான் கிடைத்தது. காலனிப் பிள்ளைகள் பானைக்குத் தள்ளி நின்று குனிந்து கையைக் குவிக்க வேண்டும். முன்வரிசைப் பெண் ஒருத்தி டம்ளரை உயரத் தூக்கிப் பிடித்து, எதுவும் எதன்மேலும் படாமல், மேலிருந்து ஊற்றுவாள். எந்தப் பாடத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு இது வந்தது? ஒளிச்சேர்க்கை நடத்திய அன்றா? தாகத்தோடு உட்கார்ந்து படித்த எல்லாப் பாடத்திலும் இது இருந்திருக்கும்.

"இது உன் வூடுடி," என்று மகளைப் பிடித்து உலுக்கினாள். "உன் டம்ளரு. உன் தண்ணி."

தாரகை தலையாட்டினாள். எந்த உத்தரவுக்கும் ஆட்டுகிற மாதிரி ஆட்டினாள். டம்ளரை வாங்கி, உதட்டில் படாமல் அண்ணாந்து குடித்தாள்.

வெள்ளிக்கிழமை மோனிஷா ஒரு பெரிய பாட்டில் நிறையத் தண்ணீர் எடுத்துக்கொண்டாள். வழியெல்லாம் மகளைக் குடிக்க வைத்தாள். அங்கே போய் இவள் யாரிடமும் தண்ணீர் கேட்டுவிடக் கூடாது. அது ஒன்றுதான் அவள் மனதில் ஓடியது. மையத்தின் வாசலில் காவலாளி பாட்டிலைப் பிடுங்கி ஓரமாக வைத்தான்.

"உள்ள எதுவும் எடுத்துட்டுப் போகக் கூடாதும்மா. அங்கேயே தண்ணி இருக்கு."

கூடத்தில் பெரிய பதாகை தொங்கியது. 'பாகுபாடு அறியாத முதல் தலைமுறைக்கு வாழ்த்துகள்!' அதன் கீழே பெற்றோர்களும் பிள்ளைகளும் ஈரக் குடைகளோடு கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லா வீட்டுப் பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் சேர்வது வருஷத்தில் இந்த ஒருநாள்தான். வாசலோரத் தரையில் நாலைந்து பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். சில நாற்காலிகள் காலியாக இருந்தும் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். தாரகை நேராக அவர்களிடம் போய் உட்கார்ந்தாள். அவர்களை அவள் முன்பின் பார்த்ததில்லை.

பெயர் கூப்பிட்டார்கள். குமிழை வைத்தார்கள். பச்சை. எல்லாப் பாடத்திலும் முழு அளவு.

"நல்லா ஊத்தியிருக்கீங்க," என்றார் அதிகாரி. "ஒரு சொட்டு குறையல."

மோனிஷாவுக்குக் கண் கலங்கியது. தப்பித்துவிட்டோம். சூளை இல்லை. மகளை அணைத்துக்கொள்ளத் திரும்பினாள். பக்கத்தில் அவளைக் காணவில்லை.

கூடத்தின் மூலையில் தண்ணீர்த் தொட்டி இருந்தது. அதன் அருகே அப்போதுதான் குடித்து முடித்த ஒரு சிறுமி, கையில் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள். தாரகை அவளுக்குக் கொஞ்சம் தள்ளி நின்றாள். மோனிஷா ஓடினாள். கூட்டத்தில் யார் காலையோ மிதித்துக்கொண்டு ஓடினாள்.

அதற்குள் தாரகை குனிந்து கையைக் குவித்துவிட்டாள்.

அந்தச் சிறுமி ஒரு கணம் விழித்தாள். அவளும் பள்ளிக்கூடத்தைப் பார்த்ததே இல்லை. சாதி என்ற சொல்லைப் படப்பலகையில் படித்திருந்தால் உண்டு. ஆனால் அவள் கை தானாக உயர்ந்தது. டம்ளரில் தண்ணீரைப் பிடித்து, அரையடி பின்னால் நகர்ந்து, பாவாடையை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, மேலிருந்து ஊற்றத் தொடங்கினாள்.

"வர்ணிகா!"

மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண் மறுபக்கத்திலிருந்து ஓடிவந்தாள். அந்தக் காட்சியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். மோனிஷா இந்த வாரம் முழுக்கக் கண்ணாடியில் பார்த்த அதே பயம் அந்த முகத்திலும் இருந்தது.

"நான் இதெல்லாம் சொல்லியே குடுத்ததில்லைங்க," என்றாள் அவள். "சத்தியமா. இத நான் மறந்தே போயிட்டேன்."

"நானுந்தான் சொல்லிக் குடுக்கல," என்றாள் மோனிஷா.

உள்ளே அடுத்த பிள்ளையின் பெயரைக் கூப்பிட்டார்கள். தாரகையின் கைக்குழி நிறைந்து விரலிடுக்கில் வழிந்தது. வர்ணிகா ஒரு சொட்டுகூடத் தன்மேல் படாமல், நிதானமாக, பழகிய கையால் ஊற்றிக்கொண்டிருந்தாள்.