இரண்டு வைத்தியநாதன்களும் ஒரு சீனப் பயணமும்

"விடுங்கோ, அது என்ர கவர்."

"இல்லீங்க, என்னோடது. பேர் போட்டிருக்கே!"

ஒரே உறையை இரண்டு கைகள் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தன. ஒன்று மெல்லிய தங்க வளையல் போட்ட கை. மற்றது மழையில் நனைந்த கோட்டுக்குள்ளிருந்து நீண்ட கை. லண்டனில், ரஸல் சதுக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய மண்டபம். 1998ஆம் வருட மார்ச் மாதத்துச் சனிக்கிழமை மாலை. தென்மேற்குச் சீனாவுக்குப் பதினாறு நாள் தொல்லியல் சுற்றுலா போகிறவர்களைக் கூப்பிட்டு, ஸ்லைடு போட்டுக் காட்டி, தேநீர் கொடுத்து, பயணக் குறிப்புகள் அடங்கிய உறையையும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

செல்வமலர் நிமிர்ந்து பார்த்தாள். தமிழா? இந்த மண்டபத்திலா? அதுவும் இந்தியத் தமிழ்...

அவன் புருவத்தில் ஒரு மழைத்துளி விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்றது. அதைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் அவன் அவளுடைய கண்களையே பார்த்தான். பெரிய கண்கள். கோபம் வந்தால் இன்னும் பெரிதாகிற ஜாதி. இப்போது வந்திருந்தது.

"நான்தான் எஸ். வைத்தியநாதன்," என்றாள்.

"நானும்தாங்க எஸ். வைத்தியநாதன்!"

இருவரும் ஒன்றாகக் குனிந்து உறையைப் படித்தார்கள். 'திரு மற்றும் திருமதி எஸ். வைத்தியநாதன்' என்று ஆங்கிலத்தில் அழகாகத் தட்டச்சு செய்திருந்தது. அவசரமாக இரண்டு கைகளும் உறையை விட்டன. அது தரையில் விழுந்தது.

நம்மவர்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தைக் கண்டால் அப்பா பெயரைப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம். கொக்குவிலில் தபால் அதிபராக இருந்த வைத்தியநாதனின் மகள் செல்வமலரும் அப்படித்தான் போட்டாள். கும்பகோணத்தில் கணக்கு வாத்தியாராக இருந்த வைத்தியநாதனின் மகன் சேகரும் அப்படித்தான் போட்டான். சுற்றுலா நிறுவனத்தை நடத்திய முத்துமாலை போட்ட வெள்ளைக்கார அம்மாள் அதற்கு என்ன செய்வார்? ஆர்வக்கோளாறில் கணவனும் மனைவியும் ஆளுக்கொரு விண்ணப்பம் அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்து, இரண்டையும் ஒன்றாக்கி, ஓர் அறையையும் ஒதுக்கிவிட்டார்.

"மொத்தமே எட்டு அறை," என்று அந்த அம்மாள் முகம் சிவக்கச் சொன்னார். "மற்ற ஏழிலும் ஓய்வு பெற்ற தம்பதிகள். வழியில் இருப்பவை சின்ன விடுதிகள், இனி அறை கிடைக்காது. உங்களில் ஒருவர்தான் வர முடியும். வெள்ளிக்கிழமைக்குள் முடிவு செய்து சொல்லுங்கள். என்னை மன்னிக்க வேண்டும்..."

வேறு வழியில்லாமல் இருவரும் ஒரு மூலையில் தேநீரோடு உட்கார்ந்தார்கள்.

"நீங்க எதுக்குங்க போறீங்க?" என்று கேட்டான் சேகர்.

"அந்த வெண்கல முகங்களைப் பாக்க. கண் ரெண்டும் வெளியில நீட்டிக்கொண்டு நிக்குமே... செங்கல்லுக்கு மண் வெட்டின ஆக்கள் கண்டுபிடிச்சது. நான் காலேஜ் லைப்ரரியில அந்த ஸ்லைடுகளுக்கு நம்பர் போடுறனான். போன வருசம்தான் அதுகளுக்குத் தனி மியூசியம் திறந்திருக்கு." அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். "எண்பத்தேழில நான் இஞ்ச வரேக்க மூண்டு ஏர்போட் மாறி வந்தனான். ஒண்டையும் நிமிர்ந்து பாக்கேல்ல. பிடிச்சுப்போடுவாங்களோ எண்டு பயம். போன வருசம்தான் பாஸ்போட் கிடைச்சது. பாக்கிறதுக்கெண்டே நான் போற முதல் பயணம் இது. இதுவரைக்கும் போனதெல்லாம் ஓடினதுதான்."

அவன் ஒரு நீர்வடிகால் பொறியாளன். செங்டுவுக்கு அருகே டுஜியாங்யானில், குறுக்கே ஓர் அணைகூடக் கட்டாமல், இரண்டாயிரம் வருடங்களுக்கு முன்பே ஆற்றை இரண்டாகப் பிரித்து வயலுக்கு விட்டிருக்கிறார்கள். கல்லூரியில் படிக்கிற காலத்திலிருந்தே அதைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை. இப்போது அதைச் சொல்ல அவனுக்கே கூச்சமாக இருந்தது. சுருக்கமாகச் சொன்னான்.

"டாஸ் போடலாமா?"

"வேண்டாம். தோத்தா உங்களைத் திட்டுவன்."

"ஜெயிச்சா?"

"அப்பவும் திட்டுவன்."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்தது. வந்ததைத் தேநீருக்குள் ஒளித்துக்கொண்டாள்.

ஆனால் திங்கட்கிழமையே, செல்வமலர் அண்ணனோடு இருந்த ஈஸ்ட் ஹாம் வீட்டில் வெடித்தது. அதே உறையின் நகல் ஒன்று தபாலில் வீட்டுக்கும் போயிருந்தது. பிரித்தது அண்ணன் பரமேஸ்வரன். ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் மளிகைக்கடை வைத்திருப்பவர், தங்கையைப் படிக்க வைத்தவர், கோபம் வந்தால் குரல் உயராமல் தாழ்ந்து போகிறவர்.

"திருமதியாம். ஒரே அறையாம். எப்ப பிள்ளை கல்யாணம் நடந்தது? எனக்கு மட்டும் சொல்லேல்லையோ?"

எவ்வளவு விளக்கியும் அவர் நம்பவில்லை. ஒரே அப்பா பெயரில், ஒரே எழுத்தில், ஒரே பயணத்துக்கு ஒருத்தன் வந்து நின்றானாம்... கதை விடுகிறாள் என்றே நினைத்தார். "சீனாவும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்" என்று கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். செல்வமலர் அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் நூலகத்திலிருந்து சேகருக்குப் போன் செய்தாள்.

"நீங்கள் வந்து சொல்ல வேணும். இல்லாட்டில் எனக்குப் பயணம் இல்லை."

வியாழக்கிழமை மாலை அவன் வந்தான். பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ், போதாக்குறைக்கு அப்பாவின் பணி ஓய்வு விழாப் புகைப்படம். பரமேஸ்வரன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஹீத்ரோ விமான நிலைய அதிகாரிகளைத் தோற்கடிக்கிற மாதிரி ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"சரி தம்பி. உங்கட அப்பா வேற, எங்கட அப்பா வேற. அது விளங்குது. ஆனா அறை ஒண்டுதானே?"

"அதுல அவங்க மட்டும்தான் சார் தங்குவாங்க. நான் போகலை. ஆபீஸ்ல லீவு இல்லைன்னுட்டாங்க."

செல்வமலர் சட்டென்று நிமிர்ந்தாள். அவன் தட்டிலிருந்த வடையில் முழுக் கவனத்தையும் வைத்திருந்தான்.

அண்ணி தவநாயகிக்கு வாய் சும்மா இருக்காது. தேநீரை நீட்டிக்கொண்டே, "இவையள் உண்மையாக் கட்டினாலும் பிள்ளைக்குப் பாஸ்போட்டில பேர் மாத்துற கரைச்சல் இல்லை," என்றாள். பரமேஸ்வரன் முறைத்தார். சேகருக்குப் புரையேறியது. செல்வமலர் எழுந்து உள்ளே போய்விட்டாள். போனவளின் காது ஏன் சிவந்தது என்று யாரும் கேட்கவில்லை.

வாசல் வரை வழியனுப்ப வந்தபோது, அவன் ஒரு நீல நோட்டுப் புத்தகத்தை நீட்டினான்.

"ஒரு உதவி. அந்த ஆத்தை எனக்காகப் பார்த்து, இதுல எழுதிட்டு வர முடியுமா?"

"எனக்கு ஆறு, வாய்க்கால் ஒண்டும் தெரியாது."

"கண்ணு இருக்கே... அவ்வளவு பெருசா."

அவள் நோட்டுப் புத்தகத்தை வாங்கிக்கொண்டாள்.

ஏப்ரலில் செங்டு போய் இறங்கினார்கள். முதல் நாள் பேருந்தில் முத்துமாலை அம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பெருமூச்சு விட்டார். "பாவம் அந்த மனிதர். மூன்று வாரம் விடுமுறை வாங்கி வைத்திருந்தாராம். உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்... ஐயோ, சொல்லிவிட்டேனே!"

செல்வமலருக்குச் சுரீரென்றது. விட்டுக்கொடுத்தாரா? இவரிடம் யார் கேட்டது? பதினொரு வருடமாக மற்றவர்கள் இரங்கித் தந்ததை வாங்கி வாங்கிக் கை சலித்துப் போயிருந்தவள் அவள். இந்தப் பயணமாவது தன்னுடையது என்று நினைத்தாளே... ஒரு வரியும் எழுதப் போவதில்லை என்று முடிவு செய்து, நோட்டுப் புத்தகத்தைப் பெட்டியின் அடியில் தள்ளினாள்.

மறுநாள் சான்சிங்டுய் அருங்காட்சியகம். மங்கலான வெளிச்சத்தில் அந்த வெண்கல முகம் இருந்தது. அகன்ற காதுகள், கோடு போல ஒரு சிரிப்பு, வெளியே நீண்டு நிற்கும் கண்கள். எங்கேயோ வெகுதூரத்தில் இருப்பதைப் பார்த்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் கண்களே முகத்தை விட்டுப் புறப்பட்டுவிட்டன போலிருந்தது. நான் வந்துவிட்டேன்... ஓடாமல், ஒளியாமல், பாக்கிறதுக்கெண்டே வந்துவிட்டேன்.

அந்தச் சந்தோஷத்தில் பக்கத்தில் திரும்பி, "இஞ்ச பாருங்கோ!" என்றாள், சத்தமாக, தமிழில்.

பக்கத்தில் நின்றவர் கென்ட்டிலிருந்து வந்திருந்த ஓய்வு பெற்ற பல் மருத்துவர். அவர் மரியாதையாகத் தலையசைத்தார்.

யாரைக் கூப்பிட்டேன் நான்? தெரியாத மாதிரி யாரிடமும் நடிக்க வேண்டியதில்லை. அவளுக்குத் தெரிந்தது. அன்றிரவு பெட்டியின் அடியிலிருந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்தாள்.

அதற்கு அடுத்த நாள் டுஜியாங்யானில் அவள் அடித்த கூத்தை வழிகாட்டிப் பெண் இன்னும் மறந்திருக்க மாட்டாள். மூங்கில் கூடைகளில் கல்லை அடைத்து எப்படி அடுக்கினார்கள், வெள்ளம் வந்தால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும், வண்டல் எங்கே சேரும், வருடத்துக்கு எத்தனை தடவை தூர் வாருவார்கள்... கேட்டுக் கேட்டு, மழைத்தூறலில் நோட்டுப் புத்தகத்தைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு எழுதினாள். தம்பதிகள் பேருந்தில் காத்திருந்தார்கள். முத்துமாலை அம்மாள் இரண்டு தடவை வந்து கூப்பிட்டுப் பார்த்தார். "இன்னும் பத்து நிமிசம்," என்றாள் செல்வமலர், திரும்பிப் பார்க்காமல். இரண்டு மணி நேரம் ஆயிற்று.

ஹீத்ரோவில் வெளியே வந்தபோது அண்ணன் நின்றிருந்தார். அவருக்குப் பக்கத்தில், குடையை எந்தக் கையில் பிடிப்பது என்று தெரியாமல், சேகர்.

"நீ போன் பண்ணினியோ எண்டு கேக்க ஒவ்வொரு நாளும் கடைக்கு வாறார்," என்றார் பரமேஸ்வரன். "சும்மா கேக்க வெக்கம். பருப்பு வாங்குறார். தனி ஆள், பதினாறு நாளில எட்டுக் கிலோ பருப்பு! வயித்துக்கு என்ன ஆகும் எண்டு யோசிச்சு, வாங்கோ தம்பி, நீங்களும் ஏர்போட்டுக்கு வாங்கோ எண்டு நான்தான் கூட்டிக்கொண்டு வந்தனான்." அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "கார் எடுக்கப் போறன். மெதுவாத்தான் வருவன்."

அவர் போய்விட்டார். வெளியே நல்ல மழை.

"லீவு இல்லையெண்டு ஏன் பொய் சொன்னீங்கள்?"

சேகர் தலையைக் குனிந்துகொண்டான். "தெரிஞ்சிடுச்சா... தப்புதாங்க. அன்னிக்கு நீங்க சொன்னதைக் கேட்ட பிறகு எனக்குப் போக மனசு வரலை. ஆறு எங்க ஓடிடப் போகுது? நான் அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

"எனக்குச் சரியான கோபம். ஒரு வரியும் எழுதுறேல்ல எண்டுதான் இருந்தனான்." அவள் நோட்டுப் புத்தகத்தை நீட்டினாள். ஓரங்கள் நனைந்து உப்பியிருந்தன. முழுவதும் பொடி எழுத்து, கோணல் மாணலான படங்கள், அம்புக்குறிகள்... ஒரு பக்கம்கூட வெறுமையாக இல்லை.

அவன் புரட்டினான். புரட்டப் புரட்ட அவன் விரல்கள் மெதுவாயின. "இவ்வளவுமா... எனக்காகவா?"

"முதல்ல உங்களுக்காகத்தான். பிறகு..." அவள் நிறுத்தினாள். கண்ணாடிக் கதவில் மழை வழிந்துகொண்டிருந்தது. பேசாமல் விட்டுவிடலாமா? அண்ணன் வந்துவிடுவார், எல்லாம் அப்படியே இருந்துவிடும். இல்லை. ஓடினது போதும்.

"பாருங்கோ சேகர். தனியாப் போய்ப் பாக்க வேணும் எண்டு எனக்கு எவ்வளவு ஆசை எண்டு உங்களுக்குத் தெரியும். போனன். பாத்தன். நல்லாத்தான் இருந்தது. ஆனா எதைப் பாத்தாலும் உங்களுக்குக் காட்ட வேணும் போல இருந்தது. பதினாறு நாளும்." அவளுடைய பெரிய கண்கள் நிரம்பிவிட்டன. "இனி என்னால தனியாப் பாக்க ஏலாது. அவ்வளவுதான்."

அவன் நோட்டுப் புத்தகத்தை மார்போடு சேர்த்துக்கொண்டு, "நான் சொல்லணும்னு பதினாறு நாளா ஒத்திகை பார்த்துட்டு வந்தேன் மலர்... எல்லாத்தையும் நீங்களே சொல்லிட்டீங்களே," என்றான்.

"அப்ப நீங்களும் சொல்லுங்கோ. நான் கேக்கிறன்."

வெளியே பரமேஸ்வரன் ஒரு தடவை ஹாரன் அடித்தார். பிறகு என்ன நினைத்தாரோ, எஞ்சினை அணைத்துவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டார்.

சேகர் சொன்னான். சொல்லி முடித்து, சம்மதமா என்றும் கேட்டான்.

"ஓம்," என்றாள் அவள்.