தொண்ணூற்றாறு கண்ணி

தொண்ணூற்றாறு கண்ணி போட்டுத்தான் கயல்விழி பின்னத் தொடங்கினாள். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஊசியில் ஏறிய ஒவ்வொரு வளையத்தையும் விரல் நுனியால் தள்ளித் தள்ளி, வாய்விட்டு எண்ணி, நோட்டில் பென்சிலால் குறித்தும் வைத்திருந்தாள். நாலு அங்குலம் வளர்ந்த பிறகு, எழுந்துபோய்ச் சோற்றை வடித்துவிட்டு வந்து பார்த்தால், பின்னல் கொஞ்சம் அகலமாகத் தெரிந்தது. எண்ணினாள். நூற்றிருபது இருந்தது.

அது அவளுக்குப் பழகிய எண். கணவர் சாமிதுரையின் முதுகுக்கு எப்போதும் போடுகிற அளவு.

எண்ணும்போது எங்கோ பராக்குப் பார்த்திருப்பேன் என்று தன்னைத்தானே கடிந்துகொண்டு, முழுவதையும் பிரித்து மறுபடி போட்டாள்.

குத்தாலத்தில் ஸ்வெட்டர் பின்னுகிறவள் என்றால் யாரும் சிரிப்பார்கள். மார்கழியிலேயே மின்விசிறி போட்டுக்கொண்டு தூங்குகிற ஊர். சாமிதுரை ராணுவத்தில் இருந்தவர். பதான்கோட் குடியிருப்பில் பஞ்சாபிப் பெண்களோடு குளிர்கால வெயிலில் உட்கார்ந்து கற்றுக்கொண்ட வேலை இது. பதினெட்டு வருடமாகப் பின்னியதெல்லாம் அவருக்குத்தான். பங்குனியில் அவர் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். இந்த ஐப்பசியில் குன்னூரில் ஒரு பள்ளி விடுதியில் அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. சனிக்கிழமைக்குள் வந்து சேராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு மயிலாடுதுறையில் பஸ். நாற்பத்து மூன்று வயதில் அவள் தனியாக ஏறப்போகிற முதல் பஸ் அது.

அதற்குள் தனக்கென்று ஒன்று பின்னிவிட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தாள். சாமிதுரையின் நாற்பத்திரண்டு அங்குல மார்புக்கு எழுதி வைத்திருந்த அளவுகளையெல்லாம் தன் முப்பத்து நாலுக்குக் குறைத்தாள். கைக்குழியை ஒன்றரை அங்குலம் ஏற்றினாள், கையில் நாலு விரற்கடை வெட்டினாள், கழுத்தைத் தாராளமாக விட்டாள். நோட்டில் அடித்து அடித்து எழுதும்போது அவளுக்கு ஒரு திருட்டுச் சந்தோஷம்.

இரண்டாம் முறையும் நூற்றிருபதுதான் வந்தது.

வியாழக்கிழமை மதியம், பக்கத்து வீட்டு அம்சம் கொட்டுகிற மழையில் குடை பிடித்துக்கொண்டு புளியோதரை டப்பாவோடு வந்தாள். கட்டிலில் கிடந்த முதுகுப் பகுதி, முன்பகுதி, இரண்டு கைகள் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தாள். மூன்றாம் முறை ஆரம்பித்தவை அவை. நாலும் அளவாக வந்திருந்தன.

"இந்தப் பச்சைய எங்கயோ பாத்த மாதிரி இருக்கே கயலு."

கயல்விழிக்குப் பொய் சொல்ல வரவில்லை. "அவரோடதுதான்க்கா. பிரிச்சுப் பின்னுறேன்."

அம்சம் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். "அடிப்பாவி! பதினாறாம் நாளு அவரு துணியெல்லாம் மூட்டையா கட்டி ஆத்துல வுட்டமே. இது அதுல போகலையா?"

"நல்ல உல்லன்க்கா. ஆத்துல விட மனசு வரல. நான் பின்னுனதுதானே?"

"நீ பின்னுன. உடுத்துனது அவருல்ல?" குடையை விரித்துக்கொண்டே அம்சம் வாசலில் நின்றாள். "அங்க போயி ஒண்ணு வாங்கிக்கக் கூடாதா?"

"எனக்குன்னு ஒண்ணு பின்னிப் போட்டுக்கிட்டுத்தான் இந்தப் படிய விட்டு இறங்கணும்னு இருக்கேன்க்கா."

அம்சம் மழைக்குள் இறங்கிப் போனாள்.

ஆற்றில் விடாதது ஒரு தப்பு என்றால், கயல்விழிக்கு மட்டும் தெரிந்த இன்னொரு தப்பும் உண்டு. பழைய ஸ்வெட்டரைப் பிரித்த நூல் வளைவும் நெளிவுமாகவே இருக்கும். அதைச் சிட்டமாக, பெரிய வளையமாகச் சுற்றி, வெந்நீரில் முக்கி, அடியில் கனமாக ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு வெயிலில் காயவைத்தால்தான் பழைய உடம்பை மறக்கும் என்று பதான்கோட்டில் சொல்லிக் கொடுத்தார்கள். பதினைந்து நாளாக வெயில் ஏது? அவள் நனைக்கவே இல்லை.

மழை வலுத்தது. மூன்று மணிக்கே வீடு இருட்டிவிட்டது, கரண்டும் போனது. ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு, பக்கங்களைச் சேர்த்துத் தைத்து முடித்தாள். இனிக் கழுத்துப் பட்டி மட்டும்தான் பாக்கி. ஈரக் காற்றில் நூலிலிருந்து நாப்தலின் வாடை வந்தது. அதற்கு அடியில் சவரச் சோப்பும், பீடியும், இஸ்திரி போட்ட சட்டையும் கலந்த, எட்டு மணிக்கு வீட்டுக்குள் நுழைகிற ஒரு மனிதனின் வாடை.

சாமிதுரை அடித்ததில்லை, வைததில்லை. தங்கமான மனுஷன் என்று தெருவில் பேர். ஊர் திரும்பிய பிறகு, வெளியே கிளம்பும்போது மட்டும் வாசற்கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போவார். "உனக்கென்ன வெளிய வேலை?" என்பார், அன்பாகத்தான். அந்த அன்பை அவள் எவ்வளவு வெறுத்தாள் என்பது அவர் செத்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

நூலுருண்டை கட்டிலுக்கடியில் உருண்டு போயிருந்தது. கொஞ்சம் நூல் வேண்டுமென்று இழுத்தாள். வந்தது. மறுபடி இழுத்தாள். வரவில்லை. கட்டில் காலில் சிக்கியிருக்கும் என்று விரலைத் தளர்த்தினாள்.

நூல் அந்தப் பக்கம் போனது. மெதுவாக. ஒரு முழம்.

கத்தரிக்கோலை எடுத்து நூலை வெட்டினாள். கட்டிலுக்கடியில் குனிந்து பார்க்கத் தைரியம் இல்லை. போதும், இந்தச் சனியனை இப்படியே விட்டுவிட்டுக் கிளம்பலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் மடியில் கிடந்த ஸ்வெட்டர் அவ்வளவு அழகாக இருந்தது. டேப் வைத்துப் பார்த்தாள். மார்பு முப்பத்து நாலு. கை சரி. தோள் சரி. முழுக்க முழுக்க அவளுடைய அளவு. முதல்முறையாக ஒரு பொருள் அவளை மட்டும் நினைத்து உருவாகியிருந்தது.

கழுத்துக் கண்ணிகள் அவிழாமல் ஒரு வெள்ளை நூலில் கோத்துக் கிடந்தன. பட்டி பின்னுமுன் ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுவதுதான் வழக்கம்.

இரண்டு கைகளையும் நுழைத்தாள். தலைக்கு மேல் தூக்கினாள். முகத்தை உள்ளே விட்டாள்.

உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. இப்போதுதான் யாரோ கழற்றிப் போட்டது போல.

கைகள் ஸ்வெட்டர்க் கைகளின் நுனி வழியே வெளியே வந்துவிட்டன. தலை வரவில்லை. மேலே கழுத்து வட்டம் தெரிந்தது. அதில் ஜன்னலின் சாம்பல் வெளிச்சம். எக்கினாள். நூல் நெற்றியில் பதிந்து நின்றது. சரி, கழற்றிவிடலாம் என்று கைகளை இறக்கப் பார்த்தாள்.

கைகள் இறங்கவில்லை.

மறுபடி முயன்றாள். தோள்வரை உடம்பு அவள் சொல்வதைக் கேட்டது. அதற்கு மேல் இல்லை. முழங்கைகள் தாமாக மடங்கின. விரல்கள் நாற்காலியின் முதுகைத் தடவின. அங்கே செருகி வைத்திருந்த பின்னல் ஊசிகளை எடுத்தன. எஃகின் சில்லிப்பு அவளுக்கு நன்றாக உறைத்தது. அவள் எடுக்கவில்லை. அவள் எடுக்கவே இல்லை.

உச்சந்தலைக்கு மேல் டிக் என்றது.

முதல் கண்ணி. அவள் வெட்டிய நூல் எங்கிருந்தோ வந்து சுண்டி இறுகியது. டிக். வட்டம் கொஞ்சம் சிறுத்தது.

"வேணாம்," என்றாள். யாரிடம் என்று தெரியவில்லை. கம்பளி மயிர் நாக்கில் ஒட்டியது. "வேணாங்க."

டிக். டிக். இரண்டு கண்ணிகளை ஒன்றாகச் சேர்க்கும் பின்னல். குல்லாவின் உச்சியை மூடுகிற பின்னல்.

வாசலில் மழை கொஞ்சம் விட்டிருந்தது. தெருவிலிருந்து அம்சத்தின் குரல் கேட்டது.

"கயலு! பெட்டியெல்லாம் கட்டிட்டியாடி?"

வாயைத் திறந்தாள். வாய் நிறையக் கம்பளி. பீடி வாடை. சத்தம் உள்ளேயே அமுங்கிப் போனது.

"அசந்து தூங்குறா போல," என்றாள் அம்சம், தனக்குள் சொல்வதுபோல. செருப்புச் சத்தம் சேற்றில் சளக் சளக்கென்று விலகியது.

வெளிச்சம் வளையல் அளவு இருந்தது. பிறகு மோதிர அளவு. அதன் வழியே அவளுக்குத் தன் கைகள் தெரிந்தன. அவளுடைய கைகள்தான், அவளுடைய நகங்கள்தான். ஒரு கண்ணியும் தவறவிடாமல், எந்த அவசரமும் இல்லாமல், அவை பின்னிக்கொண்டிருந்தன.