பதினோரு மணிப் பந்தி

போன் அலறியது.

ஜமுனாமரத்தூர் கடைவீதியில், உரக்கடைக்கும் சலூனுக்கும் நடுவில் இருக்கிறது 'மலையரசி வீடியோஸ்'. அங்கே போன் அடித்தால் மூன்றே விஷயம்தான். கல்யாணம், காதுகுத்து, சாவு.

இது சாவு.

ஆனால் வீடியோ எடுக்கக் கூப்பிடும் சாவு இல்லை...

"சரிதாவா? எஸ்.ஐ. துரைக்கண்ணு பேசறேன்."

"சொல்லுங்க சார்."

"புளி வியாபாரி ஜீவானந்தத்தைத் தேடிட்டிருந்தோமில்ல? பாடி கெடைச்சிடுச்சு. ஆனைமடு பள்ளத்துல. மண்டையில அடிச்சுத் தள்ளி விட்டிருக்காங்க."

"ஐயோ!"

"ஐயோவை அப்புறம் சொல்லு. ஞாயித்துக்கிழமை காலையில, கடுக்கா பொறுக்கப் போன பொம்பளை ஒருத்தி அங்க அலறல் கேட்டிருக்கா. மணி பதினொண்ணு. அன்னிக்கு கீழ்க்காட்டுக் கல்யாணத்தை நீங்கதானே எடுத்தீங்க?"

"ஆமா சார்."

"சின்னராஜு மேல எனக்கு சந்தேகம். அவன் சந்தனமரம் வெட்டினதை ஜீவானந்தம் பாரஸ்ட்டுக்குச் சொல்லப் போறான்னு ஊரே பேசிச்சு. கேட்டா, 'பதினோரு மணிப் பந்தியில சாப்ட்டுட்டிருந்தேன், வேணும்னா வீடியோவைப் பாருங்க'ங்கறான். மூணு மணிக்கு வர்றேன். எடுத்து வெய்யி."

சரிதாவின் முதுகில் ஒரு சொட்டு வியர்வை கிளம்பி, நிதானமாகக் கீழே இறங்கியது.

மூன்று நாட்களாக அந்தக் கல்யாணத்தைத்தான் எடிட் செய்துகொண்டிருக்கிறாள். கணவன் பூவரசன் எடுப்பான், அவள் வெட்டி ஒட்டுவாள். அதுதான் தொழில். பந்தியில் யார் எத்தனை வடை தின்றார்கள் என்பது வரை அவளுக்கு மனப்பாடம்.

அந்தப் பந்தியில் சின்னராஜ் இல்லை!

"சார்... அந்தப் பந்தியில—"

மயிர் அடர்ந்த ஒரு கை, பின்னாலிருந்து வந்தது.

போனைப் பிடுங்கி அணைத்தது.

சரிதா திரும்பினாள்.

வெள்ளைச் சட்டை. வெள்ளை வேட்டி. இரண்டு பக்கமும் எலுமிச்சம்பழம் நிறுத்தலாம் போல ஒரு மீசை.

சின்னராஜ்!

சிரித்துக்கொண்டிருந்தான். அவன் சிரித்தால் மலையில் மாடு பால் மறந்துவிடும் என்பார்கள். மாடுகளை விசாரித்தவர் யாருமில்லை.

"இன்னா தங்கச்சி... போலீஸா?"

"ஆ... ஆமாண்ணா."

"இன்னா சொல்லப் போன?"

"ஒண்ணுமில்லண்ணா."

"அதையே கடைசி வரைக்கும் சொல்லு." ஷட்டரைப் பாதி இறக்கினான். பட்டப்பகலில் ஸ்டூடியோ இருண்டது. "பந்தி எடு. பாக்கலாம்."

சரிதா ஓடவிட்டாள். ஆறு நிமிடம். வரிசையாக இலைகள், வரிசையாகக் குனிந்த தலைகள்.

"நான் இல்ல."

"நீங்க வரலையேண்ணா..."

"வந்தேன்."

"எங்கண்ணா?"

"அதை நீதான் முடிவு பண்ணணும்." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "போன வருசம் எங்க அக்கா வூட்டுக் கல்யாணத்தை நீங்கதானே எடுத்தீங்க? அதுல நான் பந்தியில உக்காந்தேன். அந்தப் பந்தியை எடுத்து இதுல வெய்யி."

"அது எப்படிண்ணா..."

"யாருகிட்ட கதை வுடற? உங்க தொழில் எனக்குத் தெரியாதா? கரண்ட் போனா, பேட்டரி தீந்தா, வேற கல்யாணத்துல இருந்து ஒட்டறீங்களா இல்லியா? எங்க மச்சான் கல்யாணத்துல பேஞ்ச மழைக்கு மாப்ளையே குடை புடிச்சான். வீடியோவுல பாத்தா சுள்ளுனு வெயிலு!"

அவன் சொன்னது நிஜம்தான். மலை முழுக்கப் பந்தல் போடுகிறவர் ஒருவர்தான். அதே நீலத் துணி, அதே சிவப்பு நாற்காலி, அதே நசுங்கிய சாம்பார் வாளி. எந்தக் கல்யாணத்துப் பந்தியை எந்தக் கல்யாணத்தில் ஒட்டினாலும் மணமக்களைத் தவிர யாருக்கும் தெரியாது. சில சமயம் மணமக்களுக்கே தெரியாது.

"மாட்டேன்னா?"

கேட்டுவிட்டாள். கேட்ட பிறகுதான் பயந்தாள்.

சின்னராஜ் சிரிப்பதை நிறுத்தினான். அது இன்னும் மோசம்.

"உன் வூட்டுக்காரன் எங்க?"

"காலையில... உங்க ஆளு கோவிந்தன் வந்து, நெலத்தை ட்ரோன்ல எடுக்கணும்னு பைக்ல இட்டுனு..."

நிறுத்தினாள்.



"கழுகுப்பாறை," என்றான் சின்னராஜ். "பாறை ஓரத்துல நின்னா திருப்பத்தூர் வரைக்கும் தெரியும். கீழ பாத்தா ஒண்ணும் தெரியாது. அவ்ளோ ஆழம். அங்க சிக்னல் கெடையாது. அஞ்சு மணிக்குள்ள நான் மேல போய் 'விட்டுடுடா'ன்னா கோவிந்தன் விட்டுடுவான். நான் வரலேன்னு வெய்யி... அப்பவும் விட்டுடுவான். பள்ளத்துல!"

கடிகாரம் டிக் டிக் என்றது.

மணி பன்னிரண்டரை.

சரிதா மௌஸைப் பிடித்தாள்.

பழைய ஹார்டு டிஸ்க்கைச் சொருகினாள். போன வருடத்துப் பந்தியைத் திறந்தாள். சின்னராஜ் நான்கு இடங்களில் இருந்தான். முதல் இடத்தில் தனியாக. இரண்டாவதில் கை கழுவிக்கொண்டு. மூன்றாவதில் வாய் நிறைய கேசரியோடு...

நான்காவதில் மௌஸ் நின்றது.

ஒரு விநாடி யோசித்தாள்.

அதைத் தேர்ந்தெடுத்தாள்.

கீழ்க்காட்டுப் பந்தி ஆறு நிமிடத்தையும் மொத்தமாக வெட்டி எறிந்தாள். பழைய பந்தியை ஒட்டினாள். நாதஸ்வர இசையை அதன் மேல் இழுத்து விட்டாள். நிறத்தைச் சரி செய்தாள்.

"பாருங்கண்ணா."

சின்னராஜ் பார்த்தான்.

"மறுக்கா போடு."

போட்டாள்.

"மறுக்கா."

பதினோரு தடவை பார்த்தான்!

"அந்த எடத்துல மீசை சரியா விழல தங்கச்சி. கொஞ்சம் கறுப்பாக்க முடியுமா?"

"முடியும்ண்ணா."

கறுப்பாக்கினாள்.

"பேஷ்!"

கொலைகாரனுக்குத் திருப்தி. கல்யாண வீடியோ பார்க்கிற எவனும் அதில் தேடுவது ஒரே ஒரு முகத்தைத்தான். தன் முகத்தை. பக்கத்து இலையில் சாட்சாத் எமனே உட்கார்ந்து அப்பளம் நொறுக்கினாலும் கண்ணில் படாது.

எமன் உட்காரவில்லை.

ஆனால் எமனிடம் போய்ச் சேர்ந்தவர் உட்கார்ந்திருந்தார்!

திரையில் சின்னராஜுக்கு இடது பக்கத்து இலையில், காதில் கடுக்கனோடு, வடையைப் பிட்டுக்கொண்டிருந்த பெரியவர் பெயர் தசரதன். நெல்லிவாசல் பக்கத்துக்காரர். போன தை மாதமே செத்துப்போனவர். அவருடைய சாவு வீடியோவை எடுத்ததும் மலையரசி வீடியோஸ்தான். சரிதாதான் அதற்குச் சோகப் பாட்டு போட்டவள்.

போன ஞாயிற்றுக்கிழமை, செத்து ஏழு மாதமான மனுஷன், பதினோரு மணிப் பந்தியில் வடை தின்கிறார்!

போலீஸ் கண்ணில் பட்டால் போதும். படாவிட்டால்...

சின்னராஜ் மேலே போய் 'விட்டுடு' என்று சொல்லுவான் என்று அவள் நம்பவில்லை. ஜீவானந்தம் செத்ததே, வாயைத் திறந்துவிடுவான் என்பதற்காகத்தானே?

ஷட்டர் தடதடவென்று மேலே போனது.

மூன்று மணி!

எஸ்.ஐ. துரைக்கண்ணு. பின்னால் கான்ஸ்டபிள் ஆனந்தன்.

"அட, சின்னராஜு, நீயும் இங்கதான் கீறியா? நல்லதாப் போச்சு. போடும்மா."

"உக்காருங்க சார்," என்றான் சின்னராஜ், வீட்டுக்காரன் மாதிரி. "டீ சொல்லட்டா?"

"கேஸ் முடியட்டும்."

படம் ஓடியது.

நாதஸ்வரம். நீலப் பந்தல். இலைகள்.

சின்னராஜ்... அவனுக்குப் பக்கத்தில் தசரதன்!

சரிதா கண்ணாலேயே திரையின் இடது மூலையைக் காட்டினாள்.

எஸ்.ஐ. அவளைப் பார்த்தார். "கண்ல தூசியாம்மா?"

"இ... இல்ல சார்."

"மறுபடி போடு."

மறுபடி ஓடியது. கான்ஸ்டபிள் ஆனந்தன் மலைக்காரர். அவருக்குத் தசரதனைத் தெரியும். ஆனால் ஆனந்தன் அப்போது வாசலில் நின்று வேடிக்கை பார்த்தவர்களை விரட்டிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது தடவையும் ஓடி முடிந்தது.

எஸ்.ஐ. நோட்டுப் புத்தகத்தை மூடினார்.

"சரியா கீது. பந்தியிலதான் இருந்திருக்க. நீ போலாம் சின்னராஜு."

முடிந்தது!

சின்னராஜ் எழுந்தான். வேட்டியை உதறிக் கட்டினான். சரிதாவைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தான். "வர்றேன் தங்கச்சி. மேல ஒரு ஜோலி கீது..."

வாசலுக்கு நடந்தான். ஒரு அடி. இரண்டு அடி...

"ஒரு நிமிஷம்!"

எஸ்.ஐ.யின் குரல்.

அவர் இன்னும் திரையையே முறைத்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு வேதனை.

"ஏம்மா... நான் எங்க?"

"சார்?"

"நான் எங்கம்மா? பொண்ணு வூட்டுக்காரங்க பத்திரிகை வெச்சாங்கன்னு வந்தேனே. மஃப்டியில. பதினோரு மணிப் பந்தியில, ரெண்டாவது வரிசையில, மொத எலை! உன் வூட்டுக்காரன் மூணு தடவை என் மூஞ்சியில லைட்டடிச்சான். கேசரி வாய்க்குப் போற நேரமா பாத்து! எங்க அது?"

ஸ்டூடியோவில் ஊசி விழுந்தால் கேட்கும். விழவில்லை.

துரைக்கண்ணு இரண்டு வருடமாகத் துப்பு துலக்குகிறார். கொலை நடந்த நேரத்தில், ஒரு கல் தூரத்தில் கேசரி தின்றுகொண்டிருந்தார். குனிந்த தலை நிமிரவில்லை. பந்தியில் யார் இருந்தார்கள் யார் இல்லை என்பது அவருக்குத் தெரியாது. தான் இருந்தது மட்டும் தெரியும்!

சரிதா வெட்டி எறிந்த ஆறு நிமிடத்தில் அவரும் போயிருந்தார். மஃப்டியில் குனிந்திருந்தவரை அவளும் அடையாளம் கண்டிருக்கவில்லை.

"சார்!" சரிதா கத்தினாள். "உங்களை விடுங்க சார்! இவரு பக்கத்து எலையில யாருன்னு பாருங்க! ஆனந்தண்ணா, நீங்க பாருங்க!"

ஆனந்தன் எட்டிப் பார்த்தார்.

"ஐயோ! இது தசரதன் மாமா சார்! இவரு காரியத்துக்கு நான் போய்ட்டு வந்தேனே!"

சின்னராஜ் பாய்ந்தான்!

ஷட்டரை நோக்கி! ஆனால் பாதி இறக்கிய ஷட்டரை எஸ்.ஐ. முழுசாக ஏற்றிவிட்டிருந்தார். வாசலில் பாதி ஊர் நின்றது. உரக்கடைக்காரர் ஒரு மூட்டை யூரியாவோடு குறுக்கே வந்தார். சின்னராஜ் மூட்டையோடு விழுந்தான்.

"உன் புருஷன்..." மண்ணைத் துப்பிக்கொண்டு கத்தினான். "அஞ்சு மணிக்குப் பாருடி!"

"சார்! கழுகுப்பாறை! கோவிந்தன்கிட்ட மாட்டிக்கீறாரு சார்!"

சின்னராஜை ஊராரிடம் ஒப்படைத்துவிட்டு எஸ்.ஐ. ஏறினார்; சரிதாவும் ஆனந்தனும் தொற்றிக்கொண்டார்கள். ஜீப் பறந்தது.

மலைப்பாதையில் ஜீப் பறக்காது. இது பறந்தது. மூன்று கொண்டை ஊசி வளைவுகளில் நான்கு சக்கரமும் ஒரே நேரத்தில் தரையில் இருந்ததாக ஆனந்தனுக்கு நினைவில்லை.

மணி நான்கு ஐம்பத்தைந்து.

கழுகுப்பாறை.

ஆள் இல்லை.

பாறை விளிம்பில் ஸ்டாண்டு. அதன் மேல் பூவரசனின் கேமரா. பக்கத்தில் பூவரசனின் ஒற்றைச் செருப்பு. அவ்வளவுதான்.

காற்று ஊளையிட்டது.

"என்னாங்க..." என்றாள் சரிதா.

அப்போது...

"ஆஆஆஆ!"

பாறைக்குப் பின்னாலிருந்து ஒரு அலறல்!

ஓங்கிய அருவாளோடு வெளியே வந்தான் கோவிந்தன். கண்கள் சிவந்திருந்தன.

"ஜீவானந்தத்தை அடிச்சது எங்க அண்ணன்டா! ஆனைமடுவுல தூக்கிப் போட்டது நான்டா! அடுத்தது... நீதான்டா!"

எஸ்.ஐ. துப்பாக்கியை உருவினார்.

"கட்!"

புதரிலிருந்து ஒரு தலை நிமிர்ந்தது.

பூவரசன்!

"கோவிந்தண்ணா, சூப்பர்! ஆனா அருவா மூஞ்சியை மறைக்குது. இன்னும் ரெண்டு இஞ்சு மேல... சரிதா, இன்னா நீ, ஃப்ரேம்ல நிக்கற! நகரு!"

சரிதா நகரவில்லை. உட்கார்ந்துவிட்டாள். அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் ஏதோ ஒன்று வந்தது.

"யோவ், இன்னாய்யா நடக்குது இங்க?" எஸ்.ஐ. கேட்டார்.

"காலையிலயே என்னை ஓரத்துல நிக்க வெச்சுட்டாரு சார். 'தள்றதுக்கு முன்னாடி உங்களை ஒரு ஷாட் எடுத்துக்கட்டாண்ணா, உங்க மூஞ்சி சினிமாவுக்குன்னே செஞ்சது'ன்னேன். ஒரு செகண்டு யோசிச்சாரு... அப்புறம் சீப்பை எடுத்துத் தலையை வாரினாரு. இது இருபத்தி மூணாவது டேக் சார். கேமராவை ஓட விட்டுட்டுப் புதருக்குள்ள ஓடி ஓடி, செருப்பு ஒண்ணு கழண்டே போச்சு."

"வசனம் நீ எழுதினதா?"

"நமக்கு அதெல்லாம் வராது சார். 'மனசுல இருக்கறதைப் பேசுங்கண்ணா'ன்னேன். அவரே சொந்தமா பேசினாரு."

கோவிந்தன் அருவாளை அப்படியே தூக்கிப் பிடித்தபடி கேட்டான்: "சார் போலீஸா நடிக்க வந்தவரா?"

எஸ்.ஐ. அவன் கையை மடக்கினார். விலங்கை மாட்டினார். க்ளிக்!

கேமராவுக்குள் ஒரு கண்ணை வைத்தபடி பூவரசன் சோகமாகச் சொன்னான்:

"ஃபோகஸ் போய்டுச்சு சார்... ஒருதரம் அவுத்துட்டு மறுபடியும் மாட்டுங்க!"